பூவரசங் கட்டையில் ஒரு கழுதை

மன்னார்ப் பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுடன் நிற்கும் பெருக்கமரத்தைக் கண்டு அதிசயித்து, அதிலேயே ஒரு பொம்மை செதுக்கலாமே என்று ஆவலுறுவோர், அதன் கட்டை நார்மலிந்து நெகிழ்ந்தது என்பதையும், தீவெங்கும் ஓங்கிய பனையோ தன் வைரத்தால் புதியவரின் கத்தியைச் சோதிக்கும் என்பதையும் உணர்ந்து, பூவரசையோ வேம்பையோ நாடுவதே உசிதம். சிநேகிதர்க்குப் பரிசளிக்க, இவ்வூர்த் தெருக்களில் சுயேச்சையாகத் திரியும் கழுதையைவிடப் பொருத்தமான உருவம் வேறேது? பாவம், அதற்கும் ஒரு கௌரவம் கிடைக்கட்டும்! கையளவு கட்டையில் அதன் பக்கத் தோற்றத்தை வரையும்போது, கால்கள் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே அமையவேண்டும். குறுக்கே அமைந்தால் எளிதில் முறிந்துவிடும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையைப் பதம்பார்க்குமாதலால், நன்கு தீட்டிய கத்தியால், கட்டைவிரலில் தோலுறை அணிந்து, மெல்லிய சீவல்களாக எடுப்பதே க்ஷேமம். காதுகளை மட்டும் கடைசிவரை தடிப்பாகவே விட்டுவையுங்கள்.