கால் நடக்க ஒரு வழி



'கடைத்தெருவுக்கு முதல் தேவை வண்டி நிறுத்த இடமா? நடக்க வழியா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார், "கார் நிறுத்த இடமில்லேன்னா வியாபாரம் படுத்துடும்" என்று. ஐயா, உங்க கார் என்னைக்காவது தானா இறங்கி ரெண்டு முழம் பூ வாங்கியிருக்கா? (சிரிப்பு) கார்ல வந்தவரும் கடைக்குள்ளே காலாலதானே போகணும்!

பகல் கடைத்தெருவை நாளங்காடி, இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்று பாடிய மதுரைக்காஞ்சி, அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிடுகிறது. நாம ஆற்றை வாய்க்காலாக்கிட்டோம். அந்த வாய்க்கால்லயும் பாதியை டிரான்ஸ்பார்மருக்குக் கொடுத்துட்டோம்! (சிரிப்பு)

நடைபாதை எப்படி இருக்கணும்? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் போகணும், அதுதான் கணக்கு. விளிம்புக் கல் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது அரை அடி. நம்ம ஊர்ல? கடைக்குக் கடை ஏறி இறங்கினா, பழனி மலைக்குப் போய் வந்த புண்ணியம்! (சிரிப்பு, கைதட்டல்)

"அப்போ பூக்காரம்மாவை விரட்டணுமா?" என்பார் எதிரணியில் அடுத்து வருபவர். யார் சொன்னது? அவங்க இருக்கிற தெருவுலதான் ராத்திரி எட்டு மணிக்கும் நம்ம பிள்ளைங்க பயமில்லாம நடக்குது. தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி 2014-ல் சட்டமே வந்தாச்சு. நடக்க ஒரு பட்டை, விற்க ஒரு பட்டை. அவ்வளவுதான்!

முடியாது என்று சொல்லாதீர்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். உட்கார இருக்கையும் போட்டார்கள். ஆனால் திறந்தா மட்டும் போதாது. மேலே பைக் ஏறாம காக்கவும் வேணும்.

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். என் தாயாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாங்க. நடைபாதை இருந்தது. ஒன்றரை அடி உயரம். மூட்டுவலி, ஏற முடியல. ரோட்டு ஓரமா நடந்தாங்க. பின்னாலே வந்த ஸ்கூட்டர் தட்டிடுச்சு. இடுப்பெலும்பு முறிஞ்சது. பத்து நாள் கழித்து வெற்றிலைக்காரம்மா வீடு தேடி வந்து, "அக்காவை ஏன் காணோம்?" என்று கேட்டாங்க. அதற்குப் பின் ஐந்து வருடம் அம்மா இருந்தாங்க. வெற்றிலை வீட்டுக்கே வந்தது. அம்மாதான் கடைத்தெருவைப் பார்க்கவே இல்லை.

வண்டிக்கு இடமில்லேன்னா அது அடுத்த தெருவுல நிற்கும். நடக்க வழியில்லேன்னா மனுஷங்க வீட்டோட முடங்கிப் போவாங்க. ஆகவே முதல் தேவை நடக்க வழியே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)