சராசரி சொல்லாததைப் பெட்டிப்படம் சொல்லும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்து பழகிய நமக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. வீட்டுக்குப் பின்னால் ஒரு கூண்டு, அதில் ஏழெட்டுக் குஞ்சுகள். தீபாவளிக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுத்தான் வளர்ப்போம். தீவனம் வாங்கக் கடைக்குப் போனால், "இரண்டு வகை இருக்கிறது, இரண்டுமே சராசரியாக ஒரே எடைதான் கொடுக்கும்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இத்தகைய சோதனை ஒன்றின் கணக்கு 1948-ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போதுதான் பொரித்த குஞ்சுகளை ஆறு குழுக்களாகப் பிரித்தார்கள். இதற்கு இது என்று ஆள் பார்த்துப் பிரிக்காமல், குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வகைத் துணைத் தீவனம். ஆறு வாரம் கழித்து 71 கோழிகளின் எடை கிடைத்தது.

சூரியகாந்தி விதை தின்ற 12 கோழிகளின் சராசரி எடை 329 கிராம். பாலிலிருந்து எடுக்கப்படும் கேசின் என்னும் புரதத்தைத் தின்ற 12 கோழிகளின் சராசரி 324 கிராம். வேறுபாடு வெறும் 5 கிராம். கடைக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். எடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

கேசின் தின்றவை: 216, 222, 260, 283, 318, 332, 352, 359, 368, 379, 390, 404.

பன்னிரண்டில் நடுவே இருப்பவை 332-உம் 352-உம். அவ்விரண்டுக்கும் நடு 342. இதுவே நடுவெண். கீழ்ப் பாதியின் நடு 271.5, மேல் பாதியின் நடு 373.5. இனி, பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் நிமிர்ந்த அளவுகோல் ஒன்றை வரைவோம். 271.5 முதல் 373.5 வரை ஒரு பெட்டி. அதனுள் 342-இல் ஒரு குறுக்குக்கோடு. பெட்டியிலிருந்து கீழே 216 வரையிலும் மேலே 404 வரையிலும் இரண்டு கோடுகள். இவ்வளவுதான். இதற்குப் பெட்டிப்படம் என்று பெயர். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட நூலின் வழியாக இது பரவலாயிற்று.

இதே அளவுகோலில், பக்கத்திலேயே சூரியகாந்திக் குழுவை வரைவோம். நடுவெண் 328. பெட்டி 307.5 முதல் 340.5 வரை மட்டுமே. பெட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அப்பால் விலகி நிற்கும் எடைகளைக் கோட்டில் சேர்க்காமல் தனிப்புள்ளியாக வைப்பது வழக்கம். அவ்வாறு 226, 392, 423 என்னும் மூன்றும் தனியே நிற்கின்றன.

இரண்டு பெட்டிகளையும் இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் நீளம் 102 கிராம். மற்றொன்றின் நீளம் 33 கிராம். கேசின் தின்றவற்றில் ஆறு கோழிகள் 342 கிராமைத் தாண்டின. சூரியகாந்தி தின்றவற்றில் தாண்டியவை இரண்டே. ஆனால் கேசின் குழுவில் நான்கு கோழிகள் 290 கிராமுக்கும் கீழே தங்கிவிட்டன. சூரியகாந்திக் குழுவில் அப்படித் தங்கியது ஒன்றே ஒன்று. நூறு கோழி வளர்ப்பவருக்கு நான்கு மெலிந்தால் மற்றவை ஈடுகட்டும். ஏழெட்டு மட்டுமே வளர்க்கும் நமக்கோ, ஒன்றிரண்டு மெலிந்தாலும் பள்ளிச் செலவுக்கு வைத்த பணம் போயிற்று. ஆகவே சராசரி ஒன்றாக இருந்தாலும் தீவனம் ஒன்றாகிவிடாது. அதே சமயம், பன்னிரண்டு கோழிகள் சிறு எண்ணிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் கூண்டில் முடிவு மாறவும் கூடும்.

ஆறு குழுக்களுக்கும் கையால் வரைவது பொறுமை வேண்டும் வேலை. இதைக் கணினி நொடியில் செய்துவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990-களில் உருவாக்கிய 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நாம் சொன்ன கோழிக் கணக்கு அதனுள்ளேயே இருக்கிறது. கணக்கு இரண்டு பத்திகளாக இருக்க வேண்டும்: ஒன்றில் எடை, மற்றொன்றில் தீவனத்தின் பெயர். 'பாக்ஸ்பிளாட்' என்னும் கட்டளையைக் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் எடை, ஒரு நெளிகோடு, தீவனம் என்று எழுதி, எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்பதையும் குறித்தால் போதும். ஆறு பெட்டிகளும் ஒரே அளவுகோலில் வரிசையாக நிற்கும். மொச்சை வகை ஒன்றைத் தின்ற குழுவின் பெட்டி அடியில் கிடப்பதும் அப்போது கண்ணில் படும். அந்தக் குழுவின் மிகக் கனத்த கோழி 227 கிராம். சூரியகாந்திக் குழுவின் மிக மெலிந்த கோழியே 226 கிராம்!

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு குழுவையும் தனித்தனித் தாளில், வெவ்வேறு அளவுகோலில் வரைந்தால் சிறிய பெட்டியும் பெரிதாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றிவிடும். ஒப்பிட வேண்டுமானால் அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நேயர்களே, சராசரியை நாம் அன்றாடம் கேட்கிறோம். வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்துவிட்டது என்பார்கள். நம் பிரிவின் சராசரிக் குலை எடை கூடிவிட்டது என்பார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் நம் பிள்ளையும் உண்டா? சராசரி இதற்கு வாய் திறக்காது. "மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன?" என்று பணிவோடு கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எண்களை வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும்.

இன்றிரவு பிள்ளைகளை அருகே அமர்த்தி, அந்தப் பன்னிரண்டு எடைகளையும் எழுதச் சொல்லுங்கள்; பெட்டியை வரையச் சொல்லுங்கள். நாமும் கூட உட்கார்ந்து பார்ப்போம்.