காலனியில் போட்ட ஏழு நாடகங்கள்

நாடகம் பற்றிப் பேசச் சொன்னால் சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார் என்று தொடங்குவது வழக்கம். நான் எங்கள் காலனியிலிருந்து தொடங்குகிறேன். எண்பதுகளில் எங்கள் இளைஞர் மன்றம் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் போட்டது. ஏழு வருடம், ஏழு நாடகம்.

எழுதியவர் எட்டாவது வரை படித்த ஓர் அண்ணன். கட்டட வேலைக்குப் போகிறவர். வேலை முடிந்து எல்லோரும் வந்த பிறகு களத்துமேட்டில் ஒத்திகை. சீன், லைட்டு, ரேடியோ செட்டு எல்லாம் டவுனில் வாடகை. நாயகி வேடத்துக்கு எங்கள் பெண்களை விடமாட்டோம். டவுனிலிருந்து நடிகை ஒருவரைப் பேசி அழைத்து வருவோம். (அந்தப் பேச்சைத் தனியாகப் பேச வேண்டும், இன்று நேரமில்லை.) செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி. காசில்லாதவர்கள் கூலி நெல்லில் அளந்து கொடுத்தார்கள்.

கதை எப்போதும் ஒன்றுதான். பண்ணையார் மகளுக்கும் கூலிக்காரர் மகனுக்கும் காதல், குறுக்கே பண்ணையார். ஏழு நாடகத்திலும் ‘சாதி’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ‘ஏழை’, ‘பணக்காரன்’ என்றுதான் வசனம். கேட்டவர்களுக்கு என்ன விளங்க வேண்டுமோ அது விளங்கியது.

அதிகம் விசில் பறந்தது நாயகனுக்கு அல்ல, வில்லனுக்கு. எங்கள் ஆள் ஒருவர் பட்டு வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, காலில் செருப்போடு வந்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். மறுநாள் ஊர்த்தெருவில் நடக்கும்போது அந்தத் துண்டு இடுப்புக்குப் போய்விடும், செருப்பு கைக்கு வந்துவிடும். கைதட்டல் எதற்கென்று இப்போது புரிகிறதா?

ஆறாவது வருடம் பண்ணையார் வெற்றிலைப் பெட்டியைத் தட்டிய விதம் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் போலவே இருந்ததாம். ரோட்டோரம் நின்று பார்த்தவர்கள் போய்ச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் எங்களில் யாருக்கும் வயல் வேலை இல்லை. அடுத்த பொங்கலுக்கு நோட்டை ஊரில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மேடை போட வேண்டியிருந்தது. அந்த நாடகத்தில் பண்ணையார் நல்லவராகிவிட்டார், கணக்குப்பிள்ளை கெட்டவராகிவிட்டார். எட்டாவது நாடகம் எழுத அண்ணனுக்கு மனம் வரவில்லை.

நாடகத் தணிக்கை என்றால் 1876 சட்டத்தைச் சொல்வோம். எம்.ஆர். ராதாவைக் குறிவைத்து 1954இல் வந்த சட்டத்தைச் சொல்வோம். பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. அது பெரிய வெற்றி. ஆனால் எங்கள் நோட்டைத் திருத்த யாருக்கும் சட்டம் தேவைப்படவில்லை. நாளைக்கு வேலை இல்லை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அதை எந்த நீதிமன்றத்தில் போய் ரத்து செய்வது?

பிறகு கே.ஏ. குணசேகரனின் ‘பலியாடுகள்’ வந்தது. தலித் அரங்கு சாதியைச் சாதி என்றே மேடையில் பேசியது. அதற்கு முன்னால் பேசாமலே பேசிய மேடைகள் எத்தனையோ காலனிகளில் இருந்திருக்கும். அவற்றுக்கு நோட்டீஸ் கூட மிஞ்சியிருக்காது.

எங்கள் நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அண்ணனுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் நான்கு நாடகங்களின் வசனம் மனப்பாடமாக இருக்கிறது. அதைப் போனில் பதிவு செய்து முடித்துவிட்டேன். மீதி மூன்றையும் சொல்லக்கூடியவர் பண்ணையாராக நடித்தவர்தான். அவர் இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.