பெட்டிக்குக் கிடைக்கும் நியாயம்



செயற்கை நுண்ணறிவை அரசுகளும் உலக அமைப்புகளும் எப்படி நெறிப்படுத்துகின்றன என்பது இக்கருத்தரங்கின் பொருள். ஜெனீவாவையும் பிரஸ்ஸல்ஸையும் பற்றிப் பேச இராயபுரம் எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள சென்னைத் துறைமுகத்தில், யாருடைய சரக்கைத் திறந்து பார்ப்பது, யாருடையதை அப்படியே வெளியே விடுவது என்பதைக் கணினி சொல்லத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரத்தின் தீர்ப்போடு ஓர் அரசு அலுவலகம் எப்படி வாழ்வது என்பதை இந்தத் துறைமுகம் ஓரளவு கற்றிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குப் பெட்டிக்குப் பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணத்தை மின்வழியே பதிய வேண்டும். சரக்கு என்ன, எந்த நாட்டிலிருந்து வருகிறது, மதிப்பு எவ்வளவு, எந்த வரி விகிதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு காலத்தில் அந்த ஆவணத்தின் ஒவ்வொரு வரியையும் இராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் ஓர் அதிகாரி பார்த்தாக வேண்டியிருந்தது. 2005-இல் சுங்கத்துறை இடர் மேலாண்மை முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஆவணம் முதலில் கணினியிடம் போகிறது. இறக்குமதியாளரின் பழைய வரலாறு, சரக்கின் தன்மை, புறப்பட்ட நாடு எல்லாவற்றையும் வைத்துக் கணினி பிரிக்கிறது. சில பெட்டிகள் சோதனையே இல்லாமல் போகும். சிலவற்றுக்கு ஆவணம் மட்டும் பார்க்கப்படும். சிலவற்றின் சீலை உடைத்துத் திறந்து பார்ப்பார்கள். 2018-இல் சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, சோதனைக்கான தெரிவு முதன்மையாக இடர் மதிப்பீட்டின் வழியாகவே நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. 2020 ஜூன் 8-ஆம் தேதி, முகம் பாராத மதிப்பீட்டு முறை நாட்டிலேயே முதலாகச் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கியது. அன்று முதல் இங்கே இறங்கிய சரக்கின் ஆவணத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம்.

இதன் பின்னணியில் ஓர் உலக அமைப்பும் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. சுங்கக் கட்டுப்பாடு இடர் அடிப்படையில் அமைய வேண்டும் என்று அதன் 7-ஆம் உறுப்பு கேட்கிறது. ஜெனீவாவில் எழுதிய ஒரு வரி இங்கே நிற்கும் டிரெய்லர் எப்போது கிளம்பும் என்பதில் வந்து முடிகிறது. உலக நெறிமுறை என்பது இப்படித்தான் கீழே இறங்கும். அது இறங்கும்போது யாருக்கு என்ன பாதுகாப்போடு இறங்குகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இறக்குமதியாளருக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பாருங்கள். கணினி விட்டுவிடச் சொன்ன பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி நினைத்தால், மேலதிகாரியின் முன் அனுமதி வேண்டும். காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. இறக்குமதியாளர் தாமே கணக்கிட்ட வரியை அவர் ஒப்புக்கொள்ளாத நிலையில் அதிகாரி மாற்றினால், காரணங்களோடு கூடிய ஆணையை 15 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். அந்த ஆணையை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையிலேயே அமர்வு வைத்திருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கணினி எந்த அளவுகோலால் பிரிக்கிறது என்பது இரகசியம். கடத்தல்காரருக்கு அது தெரியக் கூடாது, சரி. ஆனால் அந்த இரகசியம் காப்பாற்றப்படும்போதே வணிகருக்குக் காரணம் தரப்படுகிறது, மேல்முறையீட்டு மேசை தரப்படுகிறது, கெடு வைக்கப்படுகிறது. இரகசியமும் நியாயமும் ஒரே அலுவலகத்தில் இருக்க முடியும் என்று நம் சுங்க இல்லம் காட்டியிருக்கிறது.

இப்போது இங்கிருந்து காசிமேட்டின் ஓர் அங்கன்வாடிக்கு வாருங்கள். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவைத் தருவதற்குப் பயனாளியின் முகத்தை போஷன் டிராக்கர் செயலியில் பொருத்திப் பார்ப்பதை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணியின் அல்லது பாலூட்டும் தாயின் முகம், முன்பு பதிந்த படத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் முகம் மாறியிருக்கலாம். அங்கன்வாடிப் பணியாளரின் கைபேசி பழையதாக இருக்கலாம். பதிவுசெய்த எண்ணுக்கு ஓடிபி வரும் நேரத்தில் அந்தக் கைபேசி கடலுக்குப் போன கணவரின் சட்டைப்பையில் இருக்கலாம். ‘மேட்ச் ஆகலம்மா’ என்று பணியாளர் சொன்னால் அதற்குமேல் அவரிடமும் பதில் இல்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. 15 நாள் கெடு இல்லை. மேல்முறையீட்டு மேசை எந்தக் கட்டடத்தில் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல யாருமில்லை.

பெட்டிக்கு இருக்கும் நியாயம் ஆளுக்கு இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றே.

இதைக் கற்பனைக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. தெலங்கானாவில் கணினிச் சரிபார்ப்பின் பெயரால் ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகள் ரத்தாயின. அவற்றை வீடுவீடாகச் சென்று சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வசதி படைத்த நெதர்லாந்திலும், குழந்தைகள் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் குடும்பங்கள்மேல் தவறான பழி விழுந்தது. சந்தேகத்துக்குரியவர்களைப் பொறுக்கியெடுத்ததில் கணினிக்கும் பங்கு இருந்தது. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. முதலில் அடிபட்டவர்கள் அங்கே ஏழைகள், இங்கே ஏழைகளோடு குடியேறிகளும். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலக அரங்கில் நடப்பதை இந்த அளவுகோலால் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. தடைசெய்த பயன்பாட்டில் இறங்கும் நிறுவனத்துக்கு மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். எல்லோரும் அபராதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் அதன் 86-ஆம் உறுப்பு. உயர் இடர் கருவியின் துணையோடு தன்னைப் பாதிக்கும் முடிவு எடுக்கப்பட்டால், அதில் கருவியின் பங்கு என்ன என்று விளக்கம் கேட்கும் உரிமையை அது தனிமனிதருக்குத் தருகிறது. சுங்கச் சட்டம் வணிகருக்குத் தந்ததற்கு நெருங்கிய உறவு அது. ஆனால் உயர் இடர் கருவிகளுக்கான கடமைகளைத் தள்ளிப்போடும் முன்மொழிவை 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே கொண்டுவந்தது. அது வருத்தத்துக்கு உரியது.

மற்றவற்றில் உறுதிமொழிகளே அதிகம். யுனெஸ்கோவின் 2021 பரிந்துரை, பிறகு உச்சி மாநாடுகளில் 2023-இல் பிளெட்ச்லி, 2024-இல் சியோல், 2025 பிப்ரவரியில் பாரிஸ் என்று அறிக்கைகள் வந்தன. பாரிஸ் மாநாட்டுக்கு இந்தியா இணைத் தலைமை வகித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதன் அறிக்கையில் கையெழுத்திடவில்லை. அமெரிக்காவில் ஒரு குடியரசுத் தலைவர் 2023 அக்டோபரில் போட்ட ஆணையை அடுத்தவர் 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே ரத்து செய்தார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2025 ஆகஸ்டில் 40 பேர் கொண்ட அறிவியல் குழுவையும் உலக உரையாடலையும் ஏற்படுத்தியது. அந்தக் குழுவிடம் நான் நம்பிக்கை வைக்கிறேன். பருவநிலை மாற்றத்தில் நடந்ததைப் போல, எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும் உண்மைகளை ஓரிடத்தில் சேர்க்க அதற்கு வாய்ப்பிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 மார்ச் 1-இல் வெளியான ஒன்றிய அரசின் அறிவுரை ஒன்று, நம்பகத்தன்மை உறுதியாகாத மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 15-இல் அந்த நிபந்தனை போய்விட்டது. 2025 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் ஏழு சூத்திரங்களைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று, கட்டுப்பாட்டைவிடப் புத்தாக்கத்துக்கே முன்னுரிமை என்பது. புதிய சட்டம் இப்போது தேவையில்லை, இருக்கும் சட்டங்கள் போதும் என்பது அவற்றின் நிலைப்பாடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது.

இருக்கும் சட்டங்கள் போதும் என்றால், எண்ணூர் மக்களின் அனுபவத்தை நாம் கேட்டே ஆக வேண்டும். 1986 டிசம்பரில், டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழிலால் ஆதாயம் பெறுபவர் தன்மேல் தவறில்லை என்று காட்டித் தப்பிக்க முடியாது, முழுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தான வேதிப்பொருளைக் கையாள்பவர் அக்கம்பக்கத்தில் வாழ்வோருக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்தின்போது செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்குக் குறையாமல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். விதி அப்போது 34 வயதை எட்டியிருந்தது. ஏட்டில் சட்டம் இருப்பது வேறு, தெருவுக்கு அது வந்து சேர்வது வேறு என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் அந்த இரண்டு நெறிகளும் பொன்னானவை. ஆதாயம் பெறுபவரே பொறுப்பு. அருகில் இருப்பவருக்கே முதலில் தகவல். ஐரோப்பிய ஆணையம் தன் செயற்கை நுண்ணறிவுப் பொறுப்புச் சட்ட வரைவைத் திரும்பப் பெறப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அவர்கள் கைவிட்ட இடத்தில் நமக்கு 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறது. கசியும் வாயுவுக்குச் சொன்னதைத் தவறாகப் பெயர் நீக்கும் மென்பொருளுக்கும் சொல்ல முடியுமா என்பதைச் சட்டத்துறை அறிஞர்கள் இந்த மேடையில் வாதாட வேண்டும். முடியும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை நம் மாநிலம் 2020-இலேயே வெளியிட்டது. யுனெஸ்கோ பரிந்துரைக்கு ஓராண்டு முந்தியது அது. அரசுத் துறைகள் ஒரு கருவியை மக்களிடம் கொண்டுபோகும் முன் அதன் வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, நியாயம், டிஜிட்டல் இடைவெளி ஆகியவற்றை மதிப்பிட வேண்டும், மதிப்பெண் அட்டையும் போட வேண்டும் என்று அது கேட்கிறது. நல்ல யோசனை. அந்த அட்டை கருவியால் பாதிக்கப்படுபவரின் கண்ணுக்கும் எட்ட வேண்டும். அங்கன்வாடிச் சுவரில் எடைப் பட்டியல் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முகம் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது, யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில் என்பதைத் தமிழில் ஒட்டிவைக்க எந்த உலக உடன்படிக்கையும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

இத்தனை பேருக்கும் காரணம் எழுதிக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்குமா என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானது. எல்லோருக்கும் எழுத வேண்டியதில்லை. மறுக்கப்பட்டவருக்கு எழுதினால் போதும். மறுக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை எழுத முடியாத அளவுக்கு இருந்தால், அந்தக் கருவியைத் தெருவில் இறக்கியிருக்கவே கூடாது.

ஆகவே இந்த இரண்டு நாட்களில் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அனுப்பும் கோரிக்கை ஒன்றை இந்த அவை எழுதி முடிக்க வேண்டும் என்று தலைமையுரையிலேயே முன்மொழிகிறேன். 2020 கொள்கையில் ஒரு புதிய பகுதி சேர வேண்டும்: இயந்திரத்தின் துணையோடு ஓர் உதவி மறுக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில், பெயரோடு ஒரு பொறுப்பு அதிகாரி, பதில் வரும்வரை உதவி நிற்கக் கூடாது என்ற விதி. முதலாவது சுங்கச் சட்டத்தில் வணிகர் ஏற்கெனவே பெற்றிருப்பது. வரைவெழுதும் பொறுப்பைச் சட்டத்துறை அமர்வு ஏற்கட்டும். அங்கன்வாடிப் பணியாளர்களும் மீனவப் பெண்களும் நாளை காலை அமர்வில் பேசுகிறார்கள். வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள். அவர்கள் ஒப்பாத வாசகம் எதுவும் நாளை மாலை தீர்மானத்தில் இடம்பெறக் கூடாது.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.