களிமண் காவல்காரன்

போன போயா விடுமுறைக்குக் கண்டியில் அக்கா வீட்டில் நின்றேன். அவளுடைய மகன் கைப்பேசியில் மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தான். நான்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, முகம் செதுக்கிய பூசணிக்காயை மேலே வைத்தான். பெரிய இரும்பு மனிதன் ஒருவன் எழுந்து நின்றான்.

"இதுதான் கோலெம், மாமா. சோம்பி வந்தா ஊரைக் காப்பாத்தும். சின்னப் பிள்ளைகளுக்குப் பூவும் குடுக்கும்."

கோலெம் என்பது எபிரேயச் சொல். முழு உருவம் பெறாதது என்று பொருள். பிராக் நகர யூதர்களிடையே ஒரு கதை உண்டு. 1609இல் காலமான யூதா லோ என்ற ரபி, அதாவது சமயகுரு, ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து ஓர் ஆளைச் செய்தாராம். நெற்றியில் "எமெத்" என்று எழுதினாராம். உண்மை என்று அர்த்தம். முதலெழுத்தை அழித்தால் எஞ்சுவது "மெத்". செத்தது என்று அர்த்தம். கோலெமுக்குப் பேச்சு வராது. காவல் மட்டும்தான் தெரியும்.

எதற்குக் காவல்? யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்ப்பழி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக உலவியது. பழி கிளம்பினால் வீடு எரியும், ஆட்கள் சாவார்கள். அந்தப் பழியைத் தடுக்கும் காவல்காரனாகக் கோலெமை ஊரெல்லாம் அறியவைத்தது, 1909இல் யூதல் ரோசன்பெர்க் வெளியிட்ட புத்தகம். இரண்டே வருடத்தில், 1911இல், கீவ் நகரில் பெய்லிஸ் என்ற யூதர் அதே பழியில் கைதானார். விடுதலையாக 1913 ஆயிற்று.

விளையாட்டுகள் அந்த உடம்பை எடுத்துக்கொண்டன, பயத்தை விட்டுவிட்டன. இன்னொன்று எனக்கு வலிக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில், செத்தும் சாகாத மந்திரவாதி தன் உயிரை ஒளித்துவைக்கும் பெட்டிக்கு, யூதர்கள் தொழும்போது நெற்றியிலும் கையிலும் கட்டும் வேதப் பேழையின் ஆங்கிலப் பெயரையே வைத்தார்கள். நம் சாமியறைப் பொருளொன்றைப் பேயின் கூடாக்கினால் பொறுப்போமா?

மலையகத்தாருக்குக் கோலெம் அந்நியனல்ல. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலந்தொட்டு, கண்டி மலைகளில் உழைத்த நம் சனம் தேயிலை ஸ்டோரில் சுழலும் ரோதையை, அதாவது இயந்திரச் சக்கரத்தை, கண்டு பயந்தது. கை போனால் பிழைப்பும் போகும். அந்த ரோதைக்குப் பக்கத்திலேயே ரோதை முனியைக் காவலுக்கு வைத்துக் கும்பிட்டார்கள்.

இதை மருமகனுக்குச் சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அந்த முனிக்கும் பூ இருக்கா, மாமா?"

"இருக்குடா. அதுக்கு நாமதான் குடுப்போம்."