ஆயாவை இரண்டு முறை வரைந்த சிறுமி



காலையில் பதிவு மேசையில் உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். அம்மாவின் அம்மாவைச் சின்ன வயதில் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்பது மட்டுமே கேள்வி. சீட்டுகள் இதோ என் கையில்: ஆயா, பாட்டி, அம்மாச்சி, அம்முச்சி, ஆச்சி, நன்னி, நானி. ‘அம்மம்மா’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, மற்றவர் யாழ்ப்பாணத்தவர். முன்பின் அறியாத இரண்டு வீடுகளில் ஒரே அழைப்பு. வகுப்பறையில் பிள்ளைகளின் வீடும் குடும்பமும் என்று நாம் பேச வந்த பொருளை இந்தச் சீட்டுகளே தொடங்கிவைத்துவிட்டன.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆசிரியையாக எனக்கு அது நான்காவது ஆண்டு. ஒன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ பாடம். நான்கு கட்டம் போட்ட தாள்: அப்பா, அம்மா, அண்ணன் அல்லது தங்கை, நான். ஒரு சிறுமி அப்பா கட்டத்திலும் அம்மா கட்டத்திலும் தன் ஆயாவையே வரைந்திருந்தாள். ஒன்றில் ஆயா அடுப்பருகே. இன்னொன்றில் பூக்கூடையோடு தெருவில். தன் வீட்டை அவ்வளவு சரியாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது. நான் சிவப்பு மையால் இரண்டையும் அடித்துவிட்டு, ‘சரியாகச் செய்’ என்று எழுதினேன். மறுநாள் அவள் கொண்டுவந்த தாளில் மீசை வைத்த ஒருவரும் புடவை கட்டிய ஒருவரும் இருந்தார்கள். அவள் வாழ்க்கையில் இல்லாத இருவர். அதற்கு ‘மிக நன்று’ போட்டேன். பிழை அவளுடையதில்லை, நான் போட்ட கட்டத்தினுடையது என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரே கட்டத்துக்குள் அடங்காத குடும்பங்களுக்கு, நாம் கூடியிருக்கும் சென்னை ஈக்காட்டுத்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். ‘தாங்கல்’ என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கிய சிற்றேரி. அந்தப் பாசன ஊருக்குப் பக்கத்திலேயே 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. பட்டறை வேலைக்கு வெளியூர்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இன்று அந்த வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி இந்தத் தெருக்களுக்குள் புகுந்ததை இங்கே இருப்பவர்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். அதன்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன.

இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னால் வகுப்பறையில் ‘வீடுகளின் வகைகள்’ படத்தை மாட்டுகிறோம்: குடிசை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு. வாய்திறந்து எதுவும் சொல்லாமலே அந்தப் படம் ஓர் ஏணியைச் சாத்திவிடுகிறது. குடிசைப் பிள்ளைக்குக் கடைசிப் படி. பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிக்குப் போன பிள்ளைக்கு உச்சிப் படி. ஆனால் லிஃப்ட் நின்றுபோன நாளில் தாத்தாவால் கீழே இறங்க முடியவில்லை என்பதும், பழைய தெருவில் ஒரு குரலுக்கு ஓடிவந்த அத்தை இங்கே பக்கத்தில் இல்லை என்பதும் அந்தப் படத்தில் எங்கே வரும்? கேட்பதற்கு நல்ல கேள்விகள் இருக்கின்றன. மழை பெய்தால் உங்கள் வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? குடிதண்ணீரை எதில் பிடித்து வைப்பீர்கள்? ராத்திரி யார் பக்கத்தில் யார் படுப்பீர்கள்? ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் இவற்றுக்குப் பதில் உண்டு.

வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குவது நமக்குப் புதிதல்ல. இதே அடையாறு கடலைச் சேரும் இடத்தில், பிரம்மஞான சபை வளாகத்தில், மரியா மாண்டிசோரி 1939இல் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது என்று வீட்டு வேலைகளிலிருந்தே தொடங்குகிற முறை அது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் படித்தார்கள். 2007இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. படிக்கும் வேகத்தைப் பிள்ளையிடம் விட அன்று நமக்குத் துணிவு வந்தது. குடும்பம் என்றால் யார் யார் என்று சொல்வதையும் பிள்ளையிடமே விடுங்கள் என்பதுதான் இன்று நான் வைக்கும் கோரிக்கை.

அப்பாவின் தங்கை நமக்கு அத்தை, பீகார்ப் பிள்ளைக்குப் புவா. அம்மாவின் தங்கை நமக்குச் சித்தி, அந்தப் பிள்ளைக்கு மௌசி. தாய்வழி எது, தந்தைவழி எது என்று இரண்டு மொழிகளுமே கவனமாகப் பிரித்து அழைக்கின்றன. அருகருகே உட்காரும் இரண்டு பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்து மகிழ வேண்டிய செய்தி இது. நம் மழலையர் பள்ளிகள் பலவற்றில் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ‘ஆன்ட்டி’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இந்த வேறுபாடுகளை வகுப்புக்குக் கொண்டுவரும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ஆண்டுக்கொரு நாள் மாநிலவாரியாக வேடம் கட்டி மேடையேற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி, ‘உங்கள் வீட்டு நோன்பைப் பற்றிச் சொல்’ என்பதும் வேண்டாம். வகுப்பே திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை கூசிப்போகும். முதலில் டீச்சர் தன் வீட்டைச் சொல்லட்டும். பிறகு விரும்புகிற பிள்ளை சொல்லும், மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சொந்த வீட்டிலிருந்து தொடங்குவது என் விருப்பம் மட்டுமல்ல. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. அதன் 29ஆம் பிரிவில், குழந்தையின் பெற்றோரையும் அதன் மொழியையும் பண்பாட்டையும் மதிக்கக் கற்பிப்பது முன்னால் வருகிறது. வேறுபட்ட நாகரிகங்களை மதிப்பது அதற்குப் பின்னால். இந்த வரிசை எனக்கு முக்கியம். தன் ஆயாவைச் சிவப்பு மையால் அடித்ததைப் பார்த்த பிள்ளை, அடுத்த வீட்டு நன்னியை எப்படி மதிக்கும்?

அதனால் இன்றைய முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு கிடையாது. ஐந்து பால்வாடி டீச்சர்கள் தங்கள் பிள்ளைகள் வரைந்த படங்களோடு வந்திருக்கிறார்கள். கட்டம் போடாத தாள்கள். பேராசிரியர்கள் கேள்வி கேட்கும் முன் படங்களைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். டீச்சர்களே, மேடைக்கு வாருங்கள்.