கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பொருள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்டு மகிழ்வதும் நம் சங்கத்தின் வழக்கம். அம்மேடையில் காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். செயலாளர் அழைத்தபோது சற்றே தயங்கினோம், பின்னர் ஓர் அம்மையார் எம்மிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது, தயக்கம் நீங்கியது.

அவர் நம் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய மகன் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிரிப்டோ நாணயங்கள் வாங்கி வைத்திருந்தான். தங்கையின் திருமணத்துக்கு உதவும் என்பது அவன் எண்ணம். ஒரு நாள் அவை களவு போயின. களவு போனதைவிட வியப்பு, அவை போய்ச் சேர்ந்த இடத்தை அவன் கைபேசியில் தாய்க்குக் காட்டியதுதான். நீண்டதோர் எண்ணும் எழுத்தும் கலந்த முகவரி. அதன் எதிரே அவனுடைய நாணயங்கள். அம்மையார் எம்மிடம் வந்து, "இதோ இருக்கிறது என்று காட்டுகிறான். இருக்கும் இடம் தெரிந்தால் போய் எடுத்து வர வேண்டியதுதானே?" என்று கேட்டார். அன்று எம்மால் ஒழுங்காக விடை சொல்ல இயலவில்லை. இன்று முயல்கிறோம்.

நம்மில் மூத்தவர்கள் கரோல்பாகிலும் லோதி காலனியிலும் சீட்டு நடத்திய காலத்தை அறிவார்கள். இருபது குடும்பங்கள் சேர்ந்த சீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யார் கட்டினார், யார் எடுத்தார், யார் பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது பேரில் எவரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். இருபத்தோராவது ஆளுக்கு அதில் வேலை இல்லை. கிரிப்டோ நாணயத்தின் பேரேடும் இத்தகைய நோட்டுப் புத்தகம்தான். 2009-ஆம் ஆண்டு தொடங்கிய பிட்காயின் முதல் இன்று வரை நடந்த கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. வேறுபாடு மூன்று. அந்தப் புத்தகத்தை உலகமே புரட்டலாம். அதில் பெயர் இராது. முகவரி மட்டுமே இருக்கும். எழுதிய வரியை அடிப்பதற்குச் சீட்டுத் தலைவர் என்று ஒருவர் இல்லை. இரகசியச் சாவி எவன் கையில் இருக்கிறதோ அவனே உடைமைக்காரன். சாவியைத் திருடியவனும் பேரேட்டின் கண்ணுக்கு உடைமைக்காரனே.

இத்தலைநகரிலேயே நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். மேற்குத் தில்லியைச் சேர்ந்த வணிகர் ஒருவர் தம்முடைய பிட்காயின், ஈதர் முதலியவை பறிபோயின என்று 2019-ஆம் ஆண்டு முறையிட்டார். அன்றைய மதிப்பு ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபாய். தில்லிக் காவல்துறையின் சிறப்புப் பிரிவு பேரேட்டைப் பின்தொடர்ந்தது. நாணயங்கள் பல முகவரிகளைக் கடந்து சென்றிருந்தன. அவற்றுள் ஒரு பகுதி ஹமாஸ் இயக்கத்தின் ஆயுதப் பிரிவுக்கு உரியனவாக இஸ்ரேல் அரசு கைப்பற்றிய பணப்பைகளைச் சென்றடைந்ததாக 2022 ஜனவரியில் காவல்துறை அறிவித்தது. ஒரு குடியிருப்பு வீட்டில் புறப்பட்ட பொருள் காசா வரையில் போன தடம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நோட்டுக் கட்டாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எவராலும் பின்தொடர்ந்திருக்க முடியாது. ஆயினும் தடம் தெரிவது வேறு, பொருள் திரும்புவது வேறு.

இதனினும் பெரிய களவு 2024 ஜூலை 18 அன்று நிகழ்ந்தது. வசீர்எக்ஸ் என்னும் நம் நாட்டு நாணயச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர், நம் கணக்கில் 1,900 கோடி ரூபாய்க்கு மேல், பறிபோயிற்று. அந்தப் பெட்டகத்துக்கு ஒரு பூட்டு அன்று. பலர் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் திறக்கும். சந்தையைச் சேர்ந்த மூவரும் பெட்டகக் காவலுக்கு அமர்த்தப்பட்ட நிறுவனமும் ஒப்பமிட வேண்டும். அவர்கள் ஒப்பமிட்டார்கள். திரையில் அவர்கள் கண்டது வழக்கமான ஒரு பணமாற்றம். உண்மையில் அவர்கள் ஒப்பமிட்டதோ பெட்டகத்தையே கள்வனுக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடு என்று நம் பாட்டனார் சொன்னார்கள். படித்த தாளே பொய்த் தாளாயிருந்தால் என் செய்வது? குறை எவருடையது என்பதில் சந்தைக்கும் காவல் நிறுவனத்துக்கும் பெரும் வழக்காடல் எழுந்தது.

களவு நடந்த நாளிலேயே உலகெங்கும் அப்பேரேட்டை ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. நாணயங்கள் ஈதராக மாற்றப்படுவதை எல்லாரும் கண்டார்கள். செப்டம்பர் மாதம் அவை டொர்னாடோ கேஷ் என்னும் கலவைப் பெட்டிக்குள் சிறிது சிறிதாக நுழைவதையும் கண்டார்கள். பிறகு காணவில்லை.

கலவைப் பெட்டி என்பதை எளிதாகச் சொல்கிறோம். ஒரு மண்டபத்தில் ஊரார் எல்லாரும் ஒரே அளவுள்ள மூட்டைகளைப் போட்டுவிட்டு, இரகசியச் சொல் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். சில நாள் கழித்து வேறொரு வாயில் வழியாக வந்து, தாம் போட்டவர்தாம் என்று மெய்ப்பித்து, ஆனால் எந்த மூட்டையைப் போட்டவர் என்று காட்டாமல், ஒரு மூட்டையை எடுத்துச் செல்கிறார்கள். நுழைந்த மூட்டையும் வெளிவந்த மூட்டையும் பேரேட்டில் இருக்கும். எது எதனுடையது என்பது இராது. கணிதத்தின் நுட்பமான சாதனைகளுள் இது ஒன்று என்பதை மறுக்க இயலாது. அது கள்வனுக்கும் பயன்படுகிறது என்பதையும் மறுக்க இயலாது.

2025 ஜனவரி 14 அன்று அமெரிக்கா, சப்பான், தென் கொரியா ஆகிய மூன்று அரசுகளும் கூட்டறிக்கை வெளியிட்டு, வசீர்எக்ஸ் களவு வட கொரியாவின் வேலை என்று கூறின. தில்லிக் காவல்துறையின் பிடியில் சிக்கியவரோ மேற்கு வங்கத்து மனிதர் ஒருவர். பொய்ப் பெயரில் சந்தைக் கணக்கொன்றைத் திறந்து பிறருக்கு விற்றார் என்பது அவர்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டு. இளைஞர்கள் இதைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டும். "உன் கணக்கைச் சில நாள் கொடு, தரகு தருகிறேன்" என்று கைபேசியில் இனிக்க இனிக்கப் பேசுவோர் இன்று ஏராளம். கள்வன் கடல் கடந்து இருப்பான். விலங்கு பூணுகிறவன் கணக்கைக் கொடுத்தவனாக இருப்பான்.

இப்பொழுது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். களவு போன பொருள் எப்பொழுதேனும் திரும்பியதுண்டா? உண்டு. 2016-ஆம் ஆண்டு பிட்ஃபினெக்ஸ் என்னும் சந்தையிலிருந்து 1,19,754 பிட்காயின்கள் களவாடப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அவற்றுள் பெரும்பகுதி ஒரே இடத்தில் உலகின் கண்ணெதிரே கிடந்தது. எவராலும் தொட இயலவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அவற்றுள் ஏறத்தாழ 94,000 பிட்காயின்களை மீட்டது. எவ்வாறு? தடத்தைப் பின்தொடர்ந்து ஒரு கணவன் மனைவியை இனங்கண்டார்கள். அவர்களுடைய இணையச் சேமிப்பில் இருந்த கோப்பொன்றில் சாவிகள் கிடைத்தன. தடம் ஆளைக் காட்டிற்று. சாவி பொருளைக் கொடுத்தது. ஆள் சட்டம் எட்டும் இடத்தில் இருந்தான் என்பது அனைத்தினும் முக்கியம். கள்வன் வட கொரியாவில் இருந்தால் தடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாட்டி சுட்ட வடையைத் தூக்கிய காக்கை எந்தக் கிளையில் இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியாமலா இருந்தது!

இங்கே ஒரு சாரார் எழுந்து, அப்படியானால் கலவைப் பெட்டிகளையெல்லாம் உடைத்தெறிவோம், எல்லாருடைய கணக்கையும் எல்லாரும் பார்க்கட்டும், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன் என்கிறார்கள். நாம் இதனோடு உடன்பட இயலாதவர்களாக இருக்கிறோம். மடியில் கனம் வைத்திருப்பவர் கள்வர் மட்டும் அல்லர். மகளின் திருமணத்துக்குச் சேர்த்தவரும், ஓய்வூதியத்தில் நான்கு காசு ஒதுக்கியவரும், ஊரில் தாயின் மருத்துவத்துக்கு அனுப்புகிறவரும் மடியில் கனமுடையோரே. இப்பேரேட்டு முறையில் நீங்கள் ஒரு கடைக்காரருக்கு ஒரு முறை பணம் செலுத்தினால் போதும். உங்கள் முகவரி அவர் அறிந்துவிட்டார். அதிலுள்ள இருப்பும் பழைய வரவும் செலவும் அவர் கண்முன் விரியும். வங்கியிலோ யுபிஐ முறையிலோ அப்படி இல்லை. கீரை விற்பவருக்குப் பத்து ரூபாய் அனுப்பினால் அவர் கையில் பத்து ரூபாய் சேரும்; நம் பாஸ்புத்தகம் சேராது.

பொருள் இருப்பது பிறருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தில் ஒரு சான்று இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு சூரத் நகர வணிகர் ஒருவரிடம் பிட்காயின்கள் இருப்பதை அறிந்து அவரைக் கடத்திப் பறித்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அகமதாபாத் நீதிமன்றம் பதினால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களுள் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் உண்டு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் உண்டு. காவலர் பலர் உண்டு. பார்க்கும் கண்கள் எல்லாம் நல்ல கண்கள் என்று நம்புகிறவர்கள் இவ்வழக்கைப் படிக்க வேண்டும். கலவைப் பெட்டியையும் நல்லோர் பயன்படுத்தியதுண்டு. ஈதரைப் படைத்தவர்களுள் ஒருவரான விட்டாலிக் புட்டெரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தாமே அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். பெற்றவர்க்கு ஆபத்து நேரக்கூடாது என்பது அவர் கருத்து. அமெரிக்க அரசு 2022 ஆகஸ்டில் டொர்னாடோ கேஷைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. நீதிமன்றம் குறை கண்டபின் 2025 மார்ச்சில் நீக்கியது. வல்லரசே தடுமாறும் இடம் இது.

நம் நாட்டுச் சட்டம் ஒரு நடுவழியை முன்னமே கண்டிருக்கிறது. வங்கியில் நாம் ஒப்படைத்த ஆவணங்கள் வங்கியின் கையில் இருப்பதாலேயே நம் அந்தரங்கம் போய்விடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் கனரா வங்கி வழக்கில் கூறிற்று. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள், இதே தில்லியில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையை அரசு குறைக்க வேண்டுமாயின் சட்டம் வேண்டும், தக்க காரணம் வேண்டும், நோய்க்கு ஏற்ற மருந்தின் அளவும் வேண்டும். 2023 மார்ச் முதல் நாணயச் சந்தைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்து, வாடிக்கையாளரின் அடையாளத்தைப் பெற்று வைக்கவும், ஐயத்துக்குரியவற்றை அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டன. சீட்டு நோட்டுப் புத்தகத்தை நீதிமன்றம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக அதைத் தெருவில் ஒட்டி வைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது அவ்வளவே. அரசின் மீது எமக்குள்ள குறை வேறொன்று. 2022 முதல் இந்நாணயங்களின் இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி என்று விதித்தவர்கள், அது களவு போனால் உடைமைக்காரனுக்கு என்ன உரிமை என்று சொல்லச் சட்டம் இயற்றவில்லை.

அதைச் சொல்லியது சென்னை உயர் நீதிமன்றம் என்பதில் நமக்குப் பெருமை. வசீர்எக்ஸில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வைத்திருந்த பெண்மணி ஒருவர் வழக்காடினார். களவு போனவை வேறு வகை நாணயங்கள். ஆயினும் நட்டத்தை எல்லார் தலையிலும் பகிர்ந்து சுமத்தும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் வழியே வந்தது. அயல் வீட்டில் களவு நடந்தால் என் வீட்டு அண்டாவை ஏன் எடுக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் கையால் தொடத்தக்கதன்று, பணமும் அன்று, ஆயினும் அது சொத்து. ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்கது, பிறர் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத்தக்கது என்று தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் வழங்கினார். களவு போனது சொத்து என்று ஆகிவிட்டால், வைத்திருந்தவன் அறங்காவலன் ஆகிறான். இழந்தவன் வெறும் சூதாடி என்னும் பழியிலிருந்து நீங்குகிறான்.

அம்மையாரின் மகன் களவைக் கண்ட அன்றே முறையிடவில்லை. தந்தை ஏசுவாரே என்று பதினொரு நாள் மறைத்து வைத்தான். முதலில் அவனுடைய நாணயங்கள் அடையாளம் பெற்றுக் கணக்குத் தரும் சந்தை ஒன்றுக்குத்தான் போயிருந்தன. அங்கே இருந்தவரையில் நிறுத்தி வைக்க வழி இருந்தது. பதினொராம் நாள் அவை அங்கில்லை. வீட்டுக்குள் அந்தரங்கம் தேவைதான். ஆனால் களவை மறைக்கும் அந்தரங்கத்தால் கள்வனுக்கே இலாபம். தந்தைமார் இதை மனத்தில் கொண்டு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டுகிறோம்.

பணம் போனது தெரிந்த மணியே அழைக்க வேண்டிய எண் 1930. எங்கிருந்து போயிற்று, எந்த முகவரிக்குப் போயிற்று, எத்தனை மணிக்கு என்னும் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். சிற்றுண்டிக்குப் பின் சங்க நூலகத்தில் நம் இளைஞர் இருவர் அமர்ந்திருப்பார்கள்; புகார் எழுதும் முறையை அறிய விரும்புவோர் அவர்களை அணுகலாம். அந்த அம்மையாரின் மகனும் அவர்களுள் ஒருவன்.